ஒரே சீசனோடு நின்றுபோன ‘குயின் ஆஃப் சோர்ட்ஸ்’ தொடரைப் பார்ப்பது எப்படி

முகமூடி அணிந்து வாளேந்தும் ஒரு பெண்ணின் கதையைச் சொல்லும் ‘குயின் ஆஃப் சோர்ட்ஸ்’ தொலைக்காட்சித் தொடரை இப்போது பார்க்கத் தொடங்குபவர் முதலில் ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 2000ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கிய இந்தத் தொடரில் மொத்தம் 22 பகுதிகள்தான் உள்ளன. இரண்டாவது சீசன் எடுக்கப்படவே இல்லை. ஆகவே வில்லனின் வீழ்ச்சிக்காகவும் காதலர்களின் சேர்க்கைக்காகவும் கடைசிப் பகுதியை நோக்கி ஓடுபவர் ஏமாந்துதான் போவார். கதையின் முடிவை மறந்துவிட்டு, வாள் எப்படித் திரும்புகிறது, கால் எங்கே விழுகிறது என்று பார்க்கப் பழகியவருக்கோ இதில் நிறையவே இருக்கிறது.

‘டெஸ்டினி’ என்னும் முதல் பகுதியை மட்டும் எக்காரணம் கொண்டும் தாண்டிவிடக் கூடாது. ஸ்பெயினின் மாட்ரிட் நகரில் வளர்ந்து வாள்வித்தை பயின்ற டெஸ்ஸா அல்வராடோ, தந்தை இறந்த செய்தி கேட்டு 1817ஆம் ஆண்டுக் கலிபோர்னியாவில் உள்ள சாண்டா எலேனா என்னும் கற்பனை ஊருக்குத் திரும்புவதும், கர்னல் மோன்டோயாவின் ஆட்சியில் குடும்பப் பண்ணை பாழாய்க் கிடப்பதைக் காண்பதும், தந்தையின் ஆவி வழிகாட்டக் கறுப்புச் சரிகைப் பின்னல் முகமூடியை அணிவதும் அந்த ஒரே பகுதியில் நடந்துவிடுகின்றன. டெஸ்ஸாவாக நடித்தவர் டெஸ்ஸி சாண்டியாகோ. டெஸ்ஸாவின் ஜிப்சித் தோழி மார்த்தா சீட்டெடுத்துக் குறி சொல்பவர். ‘குயின் ஆஃப் சோர்ட்ஸ்’, அதாவது வாள்களின் அரசி என்ற பெயர், அந்த டாரட் சீட்டுக்கட்டிலிருந்து வந்தது. வழக்கமான ஸ்பானிய விளையாட்டுச் சீட்டுக்கட்டில் அரசியே கிடையாது, சேவகன், குதிரைவீரன், அரசன் ஆகிய மூவர்தான் உண்டு என்பதை அறிந்தவர்களுக்கு இந்தப் பெயர் இன்னும் கொஞ்சம் சுவைக்கும்.

முதல் பகுதிக்குப் பிறகு வரிசை பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. அமெரிக்காவில் இத்தொடர் உள்ளூர் நிலையங்களுக்குத் தனித்தனியாக விற்கப்பட்டது. அப்படி விற்கப்படும் தொடர்களில், எந்த வாரம் விட்டுப்போனாலும் அடுத்த வாரம் புரியும்படி ஒவ்வொரு பகுதியையும் தனிக்கதையாகவே அமைப்பார்கள். மருத்துவர் ராபர்ட் ஹெல்முக்கும் நாயகிக்கும் இடையே மெல்ல வளரும் ஈர்ப்பைத் தொடர நினைப்பவர்கள் மட்டும் வரிசைப்படி பார்ப்பது நல்லது. ஒரே இரவில் ஐந்தாறு பகுதிகளைப் பார்த்தால் அநியாய வரி, அப்பாவிக்குத் தூக்கு, கடைசி நேரத்தில் குதிரைக் குளம்பொலி என்று ஒரே அச்சு கண்ணில் உறுத்தத் தொடங்கும் என்பதால், வாரத்துக்கு இரண்டோடு நிறுத்திக்கொள்வது என் வழக்கம்.

இனி வாள்சண்டை. நானும் முதல் தடவை எல்லோரையும் போல முகத்தையும் வாள்முனையையுமே மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சண்டை முடிந்த பிறகு யார் எப்படி வென்றார் என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. அதற்கு ஒரு எளிய வழி உண்டு. ஒரு மோதலை முழுதாக ஒரு முறை பார்த்துவிட்டு, ஒலியை அணைத்து, வேகத்தைப் பாதியாகக் குறைத்து, இரண்டாம் முறை இடுப்புக்குக் கீழே மட்டும் பாருங்கள். எதிராளி முன்காலை நீட்டி நேர்கோட்டில் பாய்ந்து வருகிறாரா, நாயகி பின்வாங்காமல் ஒரு காலைப் பக்கவாட்டில் சாய்வாக எடுத்துவைத்து அவருடைய தோள்புறமாகச் சுற்றி நகர்கிறாரா என்று கவனியுங்கள். நேர்கோட்டில் வந்தவர் வெற்றிடத்தைக் குத்திவிட்டு உடலைத் திருப்புவதற்குள், வட்டத்தில் நகர்ந்தவரின் வாள் அங்கே காத்திருக்கும். மூன்றாம் முறை கைகளைப் பாருங்கள்: முழங்கை மடங்கியிருக்கிறதா, கை நேராக நீண்டிருக்கிறதா, இரு வாள்களும் தொட்டபடியே நகர்கின்றனவா, மோதி விலகுகின்றனவா என்பவை அப்போது தெரியவரும்.

இந்த வட்ட நடைக்கு ஒரு நீண்ட மரபு உண்டு. தொடரின் வாள் ஆசான்களில் ஒருவரான அந்தோனி டி லாங்கிஸ், ‘வெர்டடேரா டெஸ்ட்ரேசா’ எனப்படும் பழைய ஸ்பானிய வாள்முறையைத் திரைக்கு ஏற்ப மாற்றிக் கையாண்டவர். ஜெரோனிமோ டி கர்ரான்சா எழுதி 1582இல் அச்சான நூலும், அவர் வழிவந்த பச்சேகோ டி நர்வாயெஸ் 1600இல் வெளியிட்ட நூலும் அந்த முறையின் அடிப்படை. உடம்பை நிமிர்த்தி, கையை நேராக நீட்டி, எதிராளியின் வாளைத் தன் வாளால் அடக்கியபடி, தரையில் இருப்பதாகக் கற்பனை செய்துகொண்ட வட்டத்தின் மீது சுவடு வைத்து நகர்வது அதன் சாரம். ஆண்ட்வெர்ப்பைச் சேர்ந்த ழிரார் திபோ 1630இல் வெளிவந்த தம் பெருநூலில் இந்த வட்டத்தை மனித உடலின் அளவுகளைக் கொண்டே வரைந்து காட்டியதால், பிற்காலத்தார் அதை மர்ம வட்டம் என்று அழைத்தனர். நெப்போலியன் போர்களுக்குப் பிந்தைய 1817இல் படைவீரன் கையில் வளைந்த சேபர் வாள் இருந்திருக்குமே தவிர, இந்தப் பழைய நடை வழக்கொழிந்துபோயிருக்கும் என்பது உண்மைதான். ஆனால் மாட்ரிட்டில் பழமை பேணும் ஓர் ஆசானிடம் படித்த பெண் என்று வைத்துக்கொண்டால், தன்னைவிட உடல்பலம் மிகுந்த ஆண்களை அவர் வெல்வதற்கு இந்தக் காலடி நம்பத்தக்க காரணமாகிவிடுகிறது. வலிமைக்கு வலிமையாக வாளை மோதவிட்டிருந்தால் காட்சி பொய்யாகத் தெரிந்திருக்கும்.

டூப் யார், நடிகை யார் என்று பிரித்துப் பார்ப்பதும் ஒரு பயிற்சியே. முகமூடியும் அகன்ற தொப்பியும் படக்குழுவுக்குப் பெரிய வசதி. கேமரா முதுகுப்புறம் போகும்போதும், கூரையிலிருந்து குதிக்கும் தொலைக் காட்சி திடீரென வெட்டி ஒட்டப்படும்போதும் சந்தேகப்படலாம்; இடுப்பு முதல் முகம் வரை ஒரே வெட்டில் தெரிந்து, வசனமும் பேசினால் அது பெரும்பாலும் நடிகையே.

நிலத்தைப் பார்க்கும்போது கலிபோர்னியாவை மறந்துவிடுங்கள். படப்பிடிப்பு தெற்கு ஸ்பெயினின் அல்மேரியா மாகாணத்தில், தபெர்னாஸ் வறள்நிலத்தில், அப்போது டெக்ஸஸ் ஹாலிவுட் என்றும் இப்போது ஃபோர்ட் பிராவோ என்றும் வழங்கும் பழைய கௌபாய்ப் பட அரங்கில் நடந்தது. மண்ணரிப்பால் தேய்ந்த சாம்பல்நிறக் குன்றுகள் திரும்பத் திரும்ப வருவது அதனால்தான்.

வரலாற்றையும் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். 1821இல் மெக்சிகோ விடுதலை பெறும்வரை கலிபோர்னியா ஸ்பெயினின் கையில் இருந்தது. 1810இல் மெக்சிகோவில் கிளர்ச்சி வெடித்ததும் சான் பிளாஸ் துறைமுகத்திலிருந்து வரவேண்டிய சரக்குக் கப்பல்கள் நின்று, படைவீரர்களுக்குச் சம்பளம் வராமல், கிறித்தவ மிஷன்கள் தந்த தானியத்தில் காலம் தள்ளினார்கள். அந்த நெருக்கடியில் ஒரு ராணுவ அதிகாரி ஊரைச் சுரண்டுவது நம்பக்கூடியதே. நம்ப முடியாதது, தெருவுக்கொரு பண்ணையார் இருப்பதுதான்; பெருவாரியான நிலக்கொடைகள் மெக்சிகோ ஆட்சியில்தான் வழங்கப்பட்டன. மிஷன் நிலங்களில் உழைத்த பூர்வகுடி மக்களுக்குக் கதையில் கிடைக்கும் இடமும் மிகக் குறைவு. என் கணக்கில் தொடரின் பெரிய குறை இதுவே.

இது, முகமூடி அணிந்து வாளேந்தும் புகழ்பெற்ற கதைநாயகன் ஸோரோவின் பெண் வடிவம்தானே என்று யாரேனும் கேட்டால், அந்தக் கேள்வி நீதிமன்றமே ஏறியது என்று சொல்லலாம். ஸோரோ படம் எடுத்திருந்த சோனி நிறுவனம், இத்தொடரைத் தயாரித்த ஃபயர்வொர்க்ஸ் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர்ந்தது. 1919இல் ஜான்ஸ்டன் மெக்கல்லி எழுதிய மூலக்கதையும் 1920இல் வந்த மௌனப்படமும் பதிப்புரிமைக் காலம் கடந்து பொதுவுடைமையாகிவிட்டதைக் காட்டி, 2001இல் கலிபோர்னியக் கூட்டாட்சி நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்தது.

மோன்டோயாவாக வரும் வாலன்டைன் பெல்காவும், ஹெல்மாக வரும் பீட்டர் விங்ஃபீல்டும் ‘ஹைலேண்டர்’ தொடரில் ஏற்கெனவே சேர்ந்து நடித்தவர்கள். அதன் தலைமை எழுத்தாளர் டேவிட் ஆப்ரமோவிட்ஸ்தான் இத்தொடருக்கும் பொறுப்பேற்றார். 22 பகுதிகளையும் முடித்தவர்கள், ‘ஹைலேண்டர்’ தொடரில் 1997இல் வந்த ‘டுவெண்டே’ என்ற பகுதியைத் தேடிப் பாருங்கள். அதில் டி லாங்கிஸே வாளேந்தி, இதே ஸ்பானிய வட்ட முறையில் மோதுகிறார். அதையும் முதலில் ஒலியை அணைத்து, இடுப்புக்குக் கீழே மட்டும் பாருங்கள்.