கப்பலில் வீட்டுச் சாமான்: கேஎல்லிலிருந்து குடிபோகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெல்பர்னுக்கோ பெர்த்துக்கோ குடிபோகிற கேஎல் (கோலாலம்பூர்) குடும்பங்கள், வீட்டுச் சாமானை ஏற்றி அனுப்பும் மூவர்ஸ் கம்பெனியிடம் முதலில் கேட்பது "கிலோ எவ்வளவு?" என்றுதான். விமானத்தில் பெட்டி அனுப்பிப் பழகியவர்களுக்கு அப்படித்தான் கேட்கத் தோன்றும். ஆனால் கப்பல் கணக்கு வேறு. சாமான் கொள்கலனில் எத்தனை கன மீட்டரை அடைக்கிறதோ, அதற்குத்தான் காசு. மற்றவர்களின் சரக்கோடு சேர்த்து ஏற்றும் பங்குக் கொள்கலனில், ஒரு கன மீட்டர் ஒரு டன்னைத் தாண்டாத வரை பொதுவாக எடை கணக்கில் வராது. வீட்டுச் சாமான் எங்கே டன்னைத் தாண்டப் போகிறது!

இது தெரியாததால், பாட்டி காலத்து ஆட்டுக்கல்லை "கனம்" என்று சொல்லி செந்தூலில் யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிட்டு, பத்து வருடம் படுத்த மெத்தையைப் பத்திரமாகச் சுற்றி ஏற்றுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 152 சென்டிமீட்டர் அகலம், 190 நீளம், 25 உயரம் உள்ள குயீன் மெத்தை 0.72 கன மீட்டர். எல்லாப் பக்கமும் 35 சென்டிமீட்டர் வரும் ஆட்டுக்கல் 0.04 சொச்சம். அந்த மெத்தை அடைக்கும் இடத்தில் பதினாறு ஆட்டுக்கல் போகும். போகிற ஊரில் நல்ல மெத்தை எந்தக் கடையிலும் கிடைக்கும், ஆட்டுக்கல்லுக்கு எங்கே போவது?

அதனால் கொட்டேஷன் வாங்கும் முன் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். 20 அடி கொள்கலனின் உள்ளளவு சுமார் 33 கன மீட்டர், 40 அடி என்றால் 67. மூலைமுடுக்கு வீணாகும் என்பதால் முழுதையும் நிரப்ப முடியாது. சோபா, துணி அலமாரி, மெத்தை இந்த மூன்றை விட்டாலே பல குடும்பங்களுக்கு முழுக் கொள்கலன் தேவைப்படாது.

அடுத்தது சமையலறை. ஆஸ்திரேலியாவுக்குப் போகிற தமிழர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். கப்ரா வண்டு என்று ஒரு தானியப் பூச்சி இருக்கிறது. இந்தியத் துணைக்கண்டம்தான் அதன் பிறப்பிடம் என்கிறார்கள். அதன் புழு இரை இல்லாமலே வருடக்கணக்கில் இடுக்கில் உயிரோடு கிடக்கும். கோதுமை விளையும் நாட்டுக்கு அது பெரிய ஆபத்து. அதனால் 2020 இலிருந்து, ஆள் கூட வராமல் தனியாக வரும் வீட்டுச் சாமானில் அரிசி, கொண்டைக்கடலை, துவரம் பருப்பு, பாசிப்பயறு, சீரகம், கொத்தமல்லி விதை, சோம்பு, காய்ந்த மிளகாய், வேர்க்கடலை எதுவும் வரக்கூடாது என்று ஆஸ்திரேலியா தடை போட்டிருக்கிறது. பட்டியலைப் பார்த்தால் நம் அஞ்சறைப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதியதுபோல இருக்கும். "பாக்கெட் பிரிக்கவே இல்லை, புதுசுதான்" என்று சொல்லிப் பயனில்லை.

பருப்பை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். அதிகாரி தேடுவது மிச்சத்தை. ஆட்டுக்கல்லின் குழியில் காய்ந்து ஒட்டிய மாவு, அஞ்சறைப்பெட்டிக் கிண்ணங்களுக்கு அடியில் கிடக்கும் நாலு சீரகம், சல்லடை விளிம்பில் அடைந்த ரவை, மிக்ஸியின் அடிப்பக்க ரப்பர் வளையம், வெக்கும் கிளீனரின் தூசிப்பை. கல்லைச் சோப்புப் போட்டு நார் பிரஷ்ஷால் தேய்த்து, இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவிடுங்கள். காலணியின் அடிப்பாகத்தில் பல்குத்தும் குச்சியை விட்டுத் தோட்ட மண்ணை எடுங்கள். சைக்கிள் டயர், கூடாரம், பூத்தொட்டி இவற்றுக்கும் அதே கவனம் வேண்டும். அங்கே ஏதாவது கண்ணில் பட்டால் சுத்தம் செய்வதும் மருந்தடிப்பதும் அழிப்பதும் உங்கள் செலவு. ஒரு பெட்டியில் புழு இருந்தால் மொத்தச் சாமானும் நிற்கும்.

பூஜை அறையைத் தனியாக உட்கார்ந்து பிரிக்க வேண்டும். பித்தளை விளக்கும் வெண்கலச் சிலையும் எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவினால் பிரச்சினை இல்லை. காய்ந்த மாவிலைத் தோரணம், தர்ப்பை, கலசத்துத் தேங்காய் மூன்றையும் இங்கேயே விட்டுவிடுங்கள். தைப்பூசக் காவடியின் மயிலிறகையும் ருத்ராட்ச மாலையையும் மறைக்காமல் பட்டியலில் எழுதுங்கள். ஒன்று பறவையின் இறகு, மற்றது விதை, இரண்டையும் பார்த்துத்தான் விடுவார்கள். சூடத்துக்குக் காரணம் வேறு. எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதால் கப்பல்காரர்களே ஏற்ற மாட்டார்கள். தீப்பெட்டி, கேஸ் தோம்பு (சிலிண்டர்), வாசனைத் திரவியம், பவர் பேங்க் எல்லாமே அந்த வகைதான்.

பிரம்பு நாற்காலியும் பழைய மரப்பெட்டியும் வைத்திருக்கிறவர்கள் பினாங்கில் அதிகம். அடியில் குண்டூசி முனை அளவு ஓட்டைகளும், தரையில் மாவுபோல் தூளும் இருந்தால் உள்ளே பூச்சி இருக்கிறது. மருந்து போடாமல் ஏற்றாதீர்கள். நூறாண்டு பழைய குடும்பச் சொத்து என்றால், 2005 ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டத்தின் கீழ் வெளியே கொண்டுபோக உரிமம் தேவையா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

"இங்கே மலிவு, வாங்கி ஏற்றிவிடலாம்" என்று கடைசி மாதத்தில் புது டிவியும் புது பிரிட்ஜும் வாங்குவது இன்னொரு தவறு. வரியில்லாமல் விடுவது பழகிய சாமானைத்தான். ஆஸ்திரேலியா கேட்பது, வெளிநாட்டில் 12 மாதமாவது உங்களிடம் இருந்து, நீங்கள் பயன்படுத்திய பொருள். பிரிட்டன் கேட்பது ஆறு மாதம். அதோடு அங்கே வரிச்சலுகைக்கு முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி எண் வாங்கி வைத்திருக்க வேண்டும். கனடாவில் நீங்கள் முதல்முறை இறங்கும்போதே, பின்னால் வரப்போகும் சாமானின் பட்டியலை விமான நிலையத்தில் கொடுத்துவிட வேண்டும். களைப்பில் அதை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டால், அப்புறம் அலைச்சல்தான்.

பெட்டிப் பட்டியலில் "சமையல் சாமான்", "இதர பொருள்" என்று எழுதினால் அந்தப் பெட்டியைத்தான் முதலில் திறப்பார்கள். பெட்டி எண், உள்ளே என்ன, எத்தனை, பழையதா புதியதா என்று ஆங்கிலத்தில் தெளிவாக இருக்கட்டும். "குத்துவிளக்கு" என்று எழுதினால் அங்கே யாருக்குப் புரியும்? பித்தளை விளக்கு, பழையது, இரண்டு என்று அவர்கள் மொழியில் எழுதுங்கள். கடப்பிதழ் (பாஸ்போர்ட்), பிறப்புச் சான்றிதழ், கல்விச் சான்றிதழ், நகை நான்கையும் பேக்கிங் நடக்கும் நாளில் காரில் வைத்துப் பூட்டிவிடுங்கள். பேக்கிங் ஆட்கள் மேசையில் இருப்பதையெல்லாம் சுற்றிப் போடுவார்கள். அது அவர்கள் வேலை.

மூன்று கொட்டேஷன் வாங்கிக் கடைசித் தொகையை மட்டும் ஒப்பிட்டால் மலிவானது எப்போதும் ஜெயிக்கும். அந்த விலை எதுவரை என்று பாருங்கள். துறைமுகம் வரை மட்டும் என்றால், அங்கே இறக்கும் முனையக் கட்டணம், சுங்க வேலை, உயிரியல் பாதுகாப்புச் சோதனை, வீடுவரை லோரி எல்லாம் தனி பில்லாக வரும். சாமான் அவர்கள் கிடங்கில் இருக்கும்போது வரும் பில்லில் பேரம் பேச முடியாது. வீட்டைப் பார்க்காமல், வீடியோவில்கூடக் காட்டச் சொல்லாமல் விலை சொல்கிற கம்பெனியை நான் நம்ப மாட்டேன். பினாங்குக்காரர்கள் சாமான் பக்கத்துத் துறைமுகமான பட்டர்வொர்த்தில் ஏறுமா, லோரியில் கேஎல் பக்கத்துத் துறைமுகமான போர்ட் கிள்ளான் போகுமா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

காப்புறுதியில்தான் ஆட்கள் கஞ்சத்தனம் பிடிக்கிறார்கள். "எல்லாம் பழசு, எதற்கு?" என்பார்கள். உடைவது ஒரு பக்கம் இருக்கட்டும். கடல் வணிகத்தில் பொது இழப்பு என்று பழைய வழக்கம் ஒன்று உண்டு. ஆபத்தில் கப்பலையும் சரக்கையும் காப்பாற்ற வேண்டுமென்றே விட்டுக்கொடுத்த பொருளின் இழப்பையும் ஆன செலவையும் கப்பல்காரரும் அதில் சரக்கு வைத்திருக்கும் எல்லாரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். 2021 மார்ச்சில் சூயெஸ் கால்வாயில் எவர் கிவன் கப்பல் ஆறு நாள் சிக்கியது நினைவிருக்கும். அதற்குப் பிறகு உரிமையாளர் பொது இழப்பு அறிவித்தார். ஜூலைவரை எகிப்து கப்பலை விடவில்லை. இப்படி அறிவித்துவிட்டால், உங்கள் பெட்டிக்குக் கீறல்கூட விழாவிட்டாலும் பிணை கொடுத்தால்தான் சாமான் கைக்கு வரும். கடல் காப்புறுதி இருந்தால் அந்தப் பிணையைக் காப்புறுதிக் கம்பெனி பார்த்துக்கொள்ளும். இன்னொன்று, நீங்களே கட்டிய பெட்டிக்குள் உடைந்தால் பெரும்பாலான பாலிசிகள் பணம் தராது. பீங்கானையும் கண்ணாடியையும் அவர்கள் ஆட்களே கட்டட்டும். மதிப்பை, போகிற ஊரில் புதிதாக வாங்கினால் என்ன விலையோ அப்படிப் போடுங்கள்.

மழை நாளில் கட்டிய துணி வழியெல்லாம் புழுங்கும். பட்டுப் புடவையைப் பிளாஸ்டிக்கில் இறுக்காமல் பருத்தித் துணியில் சுற்றி, பெட்டியில் ஈரம் உறிஞ்சும் பைகளைப் போடுங்கள்.

கடல் பயணம் சில வாரம்தான். பங்குக் கொள்கலன் நிரம்பக் காத்திருப்பது, அங்கே சோதனைக்கு வரிசை எல்லாம் சேர்த்தால் வீடுமுதல் வீடுவரை இரண்டு மாதம் ஆனாலும் ஆச்சரியமில்லை. அதற்காக விசா கையில் வருமுன் ஏற்றிவிடக் கூடாது. ஆள் போய்ச் சேராமல் சாமான் மட்டும் போய் நின்றால், அங்கே இலவசமாக வைத்திருக்கும் நாட்கள் முடிந்ததும் தினக் கட்டணம் ஓட ஆரம்பிக்கும்.

கொண்டோவில் (அடுக்குமாடி வீட்டில்) இருப்பவர்கள் நிர்வாக அலுவலகத்தில் சரக்கு லிஃப்டுக்கு முன்பதிவும் வைப்புத்தொகையும் முன்பே முடித்துவிடுங்கள். பல இடங்களில் ஞாயிற்றுக்கிழமை விட மாட்டார்கள். பினாங்கு ஜார்ஜ்டவுன் சந்துகளில் கொள்கலன் லோரி நுழையாது. சின்ன லோரிக்குத் தனிக் காசு உண்டா என்று கேட்டு வையுங்கள்.

மின்சாதனம் ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் இந்தியாவுக்கும் கவலையில்லாமல் போகலாம். மின்னழுத்தம் நம்முடையதைப் போன்றதுதான். பிரிட்டனில் பிளக்கும் அதே மூன்று சதுர முனைதான், மற்ற இரண்டுக்கும் பிளக்கை மாற்றினால் போதும். அமெரிக்கா, கனடா என்றால் மிக்ஸியையும் கிரைண்டரையும் தங்கச்சிக்குக் கொடுத்துவிட்டுப் போங்கள். அங்கே 120 வோல்ட், அதுவும் 60 ஹெர்ட்ஸ். அந்த மின்சாரத்துக்கென்றே செய்த கிரைண்டர்களைத் தமிழ்நாட்டுக் கம்பெனிகள் அங்கே விற்கின்றன.