ஈகோ என்றால் திமிர் அல்ல: உளப்பகுப்பாய்வு படிப்பவர்கள் வழுக்கி விழும் இடங்கள்

வெள்ளவத்தையில், காலி வீதியோரக் கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடியில் சனிக்கிழமை தோறும் உளவளத்துணை டிப்ளோமா வகுப்பு எடுக்கிறேன். புதிதாக வருபவர்களிடம் முதல் நாளே ஒரு கேள்வி கேட்பது வழக்கம்: ஈகோ என்றால் என்ன? திமிர், தலைக்கனம், "எங்கள் மேலாளரிடம் இருப்பது" என்று பதில்கள் வரும்.

முதற்கோணல் அங்கேதான். உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த வியன்னா மருத்துவர் சிக்மண்ட் புரொய்ட் 1923இல் மனத்தை மூன்றாகப் பிரித்து எழுதியபோது எடுத்துக்கொண்டவை ஜெர்மன் மொழியின் அன்றாடச் சொற்கள்: அது, நான், மேல்-நான். ஆங்கிலத்தில் பெயர்த்தவர்கள்தான் இலத்தீனுக்குப் போய் இட், ஈகோ, சூப்பர் ஈகோ என்று ஆக்கினார்கள். புரொய்ட் சொன்ன "நான்" திமிர் பிடித்ததல்ல, பாவப்பட்டது. மத்தளத்துக்கு இரண்டு பக்கந்தான் இடி. இதற்கு மூன்று பக்கமும். ஆசை (இட்) ஒரு பக்கம் இழுக்கிறது, மனச்சாட்சி (சூப்பர் ஈகோ) ஒரு பக்கம் அதட்டுகிறது, வெளியுலகம் "கையில் காசு இருக்கிறதா?" என்று கேட்கிறது. மூன்றையும் சமாளித்து நாளை ஓட்டுவதே அதன் வேலை.

அடுத்த தவறு, இட்டைப் பிசாசாகவும் சூப்பர் ஈகோவைத் தேவதையாகவும் எழுதுவது. இட் கெட்டதல்ல. பசியும் அதில்தான் இருக்கிறது, உயிர்வாழும் உந்துதலும் அதில்தான் இருக்கிறது. சூப்பர் ஈகோ எப்போதும் நல்லதுமல்ல. நம் வீடுகளில் "நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்று கேட்டுக் கேட்டே பிள்ளைகளை வளர்க்கிறோம். நாளடைவில் அந்த நாலு பேரும் பிள்ளையின் தலைக்குள்ளேயே குடியேறிவிடுகிறார்கள். உயர்தரப் பரீட்சையில் இரண்டு ஏ, ஒரு பி எடுத்துவிட்டு அந்த ஒரு பியை நினைத்து வாரக்கணக்கில் வெளியே தலைகாட்டாத பிள்ளையை எனக்குத் தெரியும். வீட்டில் யாரும் ஒரு சொல் ஏசவில்லை. ஏசியது உள்ளே இருந்த குரல்.

நான் அதிகம் சிவப்பு மை செலவழிப்பது தற்காப்பு உத்திகள், அதாவது வேதனை தரும் நினைப்புகளிலிருந்து மனம் தன்னைக் காத்துக்கொள்ளும் வழிகள், பற்றிய விடைகளில். குறிப்புகளில் "அடக்குதல்" என்ற ஒரே சொல்லை இரண்டு வேறு விடயங்களுக்குப் போட்டுவிடுகிறார்கள். தெரிந்தே ஒரு நினைப்பை ஒதுக்கிவைப்பது ஒன்று: நாளைக்கு நேர்முகத் தேர்வு, இன்றைய சண்டையைப் பிறகு யோசிப்போம். நினைப்பு நனவிலிக்குள், அதாவது நமக்கே தெரியாத மனத்தின் பகுதிக்குள் தள்ளப்பட்டு, தள்ளப்பட்டதே தெரியாமல் போவது வேறொன்று. புரொய்ட் பெரிதாகப் பேசியது இதைத்தான். "என் கோபத்தை நனவிலிக்குள் தள்ளிவிட்டேன்" என்று ஒருவர் சொன்னால், அவர் தள்ளவில்லை என்று பொருள்.

ஒரு மாணவி தன் தாத்தாவைப் பற்றி எழுதியிருந்தார். 1983 ஜூலையில் அவர் கொழும்பில் இருந்தவர். அதைப் பற்றி வாயே திறப்பதில்லை, ஆகவே அந்த நினைவுகளை நனவிலிக்குள் ஒடுக்கிவிட்டார் என்பது மாணவியின் முடிவு. நான் ஓரத்தில் எழுதினேன்: "அவர் மறந்துவிட்டாரா, பேசாமல் இருக்கிறாரா?" ஜூலை மாதம் வந்தால் அவருக்குத் தூக்கம் வருவதில்லை என்பதும் அதே விடைத்தாளில் இருந்தது. ஒவ்வொரு மௌனத்துக்கும் நனவிலியைக் காரணம் காட்ட வேண்டியதில்லை. சில மௌனங்கள் நன்றாகத் தெரிந்தே காக்கப்படுபவை.

சில்லறைப் பிழைகளும் உண்டு. மனத்தைப் பனிப்பாறையாகக் காட்டும் அந்தப் பிரபலமான படம் புரொய்டின் நூல்களில் கிடையாது. ஆன்னா ஓ. என்ற புகழ்பெற்ற நோயாளிக்குச் சிகிச்சை அளித்தவர் புரொய்டின் மூத்த நண்பரான மருத்துவர் யோசெப் புரொயர், புரொய்ட் அல்ல. மகளுக்குத் தகப்பன் மேல் வரும் ஈர்ப்பைக் குறிக்கும் எலெக்ட்ரா சிக்கல் என்பது புரொய்டின் சகாவாக இருந்த யுங் வைத்த பெயர், புரொய்ட் அதை ஏற்கவில்லை. தற்காப்பு உத்திகளைத் திரட்டி 1936இல் நூலாக்கியவர் மகள் ஆன்னா புரொய்ட். பெருமையெல்லாம் தகப்பனுக்கே போய்ச் சேருகிறது, என்ன செய்வது!

வளர்ச்சிப் படிநிலைகளுக்கு வருவோம். வாய்நிலை (குழந்தைக்கு வாய்வழி இன்பம்), குதநிலை (மலங்கழிப்பதிலும் அடக்குவதிலும் இன்பம்) என்று தொடங்கும் ஐந்தையும் சாதகக் கட்டம் போலப் படிக்கிறார்கள். பிள்ளை விரல் சூப்பினால் பெரியவனானதும் சிகரெட் பிடிப்பான் என்று எழுதிய விடைகளையும் திருத்தியிருக்கிறேன். இந்தக் குழந்தைப் பருவக் கதையின் பெரும்பகுதியை வளர்ந்தவர்களின் நினைவுகளிலிருந்தே புரொய்ட் பின்னோக்கிக் கட்டினார் என்பதை மறக்கக் கூடாது. 1909இல் அவர் வெளியிட்ட, சின்ன ஹான்ஸ் என்ற சிறுவனின் விவரங்களும் பெரும்பாலும் பையனின் தகப்பன் வழியாக வந்தவை. ஆறு வயதோடு ஆளுமை முடிந்துவிட்டது என்று எழுதுபவர்கள் பின்வந்த உளப்பகுப்பாய்வாளர் எரிக்சனின் எட்டுப் படிநிலைகளையும் படிக்க வேண்டும். அவை முதுமைவரை போகின்றன.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு எரிச்சல் தருவது, வகுப்பில் படித்ததை வீட்டுக்குக் கொண்டுபோய் மனிதர்கள் மேல் ஒட்டுவது. 1908இல் ஒரு சிறு கட்டுரையில் ஒழுங்கு, சிக்கனம், பிடிவாதம் ஆகிய மூன்று குணங்களையும் குதநிலையோடு புரொய்ட் இணைத்தார். எங்கள் வகுப்பில் ஒருவர் அதைப் படித்த அன்றே, குசினியில் போத்தல்களை உயர வரிசைப்படி அடுக்கும் தன் மாமியாருக்கு அதை விளக்கியிருக்கிறார். மாமியார் மறுத்தார். "மறுப்பதும் ஒரு தற்காப்பு உத்திதான் மாமி" என்றாராம் மருமகள். எதைச் சொன்னாலும் பொய்யாக்க முடியாதபடி ஒரு கோட்பாடு இருந்தால் அது அறிவியல் ஆகாது என்று மெய்யியலாளர் கார்ல் பொப்பர் குறை சொன்னது இதைத்தான்.

யாழ்ப்பாணத்தில் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த அந்த அம்மா பொப்பரைப் படித்தவரல்ல. போத்தலைத் துடைத்தபடியே கேட்டாராம்: "சரி பிள்ளை, நான் இதுகளை அடுக்காமல் கண்டபடி போட்டால் அதற்கு என்ன பெயர்?"

அதற்கும் குதநிலையிலேயே ஒரு பெயர் இருக்கிறது.