காய்ச்சலும் பாய்ச்சலும்: நெல் வயலின் மீத்தேனைக் குறைக்க ஒரு குழாய்

நட்டு மூன்று நான்கு வாரமாகத் தண்ணீர் வற்றாமல் நிற்கும் வயலில் இறங்கி நடந்து பாருங்கள். மிதித்த இடத்திலிருந்து குமிழிகள் கொத்தாகக் கிளம்பி மேலே வந்து உடையும். அந்தக் குமிழிகளில் நிறைய மீத்தேன் இருக்கிறது.

காற்றில் நைட்ரஜன் 78 சதவீதம், ஆக்சிஜன் 21 சதவீதம். இவை இரண்டும் நிலத்திலிருந்து எழும் வெப்பக் கதிரை மறிப்பதில்லை. மறிப்பவை துளியளவே இருக்கும் வாயுக்கள்தான். கரியமில வாயு தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்கு இருந்தது, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. மீத்தேன் 0.7 பங்கிலிருந்து 1.9 பங்காகக் கூடியிருக்கிறது. அளவு குறைவுதான். ஆனாலும் எடைக்கு எடை பார்த்தால், நூறு ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 27 மடங்கு சூடேற்றும். காற்றில் அது ஏறக்குறைய 12 ஆண்டுதான் தங்கும் என்பதால், இன்று குறைத்தால் பலனை நம் காலத்திலேயே பார்க்கலாம்.

தண்ணீர் மண்ணை மூடியதும் உள்ளே காற்று போவது ஏறக்குறைய நின்றுவிடும். மண்ணில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் சீக்கிரமே தீர்த்துவிடும். பிறகு நைட்ரேட், இரும்பு, கந்தகச் சேர்மங்கள் என்று ஒவ்வொன்றாகத் தீரும். எல்லாம் தீர்ந்த பிறகு மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களின் கை ஓங்கும். அவை உண்டாக்கும் வாயு குமிழியாக வெளியேறுவது கொஞ்சம். பெரும்பகுதி நெற்பயிரின் தண்டுக்குள் இருக்கும் காற்றுக்குழல் வழியாக, புகைபோக்கியில் போவதுபோல் மேலே போய்விடும். வயல் வற்றி மண்ணுக்குள் காற்று இறங்கினால் இந்த வரிசை முழுவதும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் காயவிட்டு மறுபடி பாய்ச்சி, தண்ணீர் கட்டுவதன் சூட்சுமம் இதுதான்.

எவ்வளவு குறையும்? பருவநிலை மாற்றத்தை ஆராயும் ஐ.நா. குழுவான ஐ.பி.சி.சி.யின் 2019 கணக்கீட்டு முறைப்படி, விடாமல் தண்ணீர் நிற்கும் வயலை 1 என்று வைத்தால், ஒருமுறை வடித்த வயல் 0.71, பலமுறை வடித்த வயல் 0.55. தெற்காசியாவுக்கு அதே கணக்கு சொல்வது ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு 0.85 கிலோ மீத்தேன். நட்டதிலிருந்து 85 நாளில் அறுக்கும் குறுவைக்கு, எருவோ தழையோ போடாத ஒரு ஏக்கரில் சுமார் 29 கிலோ வரும். பலமுறை காயவிட்டால் அதில் 13 கிலோ குறையும். கரியமில வாயுக் கணக்கில் ஏறக்குறைய 350 கிலோ, அதாவது 150 லிட்டர் பெட்ரோல் எரிக்கும் புகை.

குழாய் செய்வது

"காயவிடுங்கள்" என்று சொன்னால் எவ்வளவு என்பதில்தான் எல்லோருக்கும் பயம். மேல்மண்ணைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. மேலே ஈரம் உலர்ந்திருக்கும்போதே ஒரு சாண் கீழே வேருக்குத் தேவையான தண்ணீர் தாராளமாக இருக்கும். அதைப் பார்க்கத்தான் வயல்நீர்க் குழாய்.

6 அங்குல பிவிசி பைப்பில் 35 செ.மீ. நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். 30 செ.மீ. வைப்பதுதான் வழக்கம். 5 செ.மீ. கூடுதலாக இருந்தால், தண்ணீர் கடைசி எல்லைக்கு இறங்கிய பிறகும் கண்ணில் படும். 4 அங்குலக் குழாயும் வேலை செய்யும், ஆனால் கையை விட்டுச் சேற்றை அள்ளுவது சிரமம். அடியிலிருந்து 20 செ.மீ. உயரம் வரை 5 மி.மீ. பிட் போட்டு, சுற்றிலும் 2 செ.மீ. இடைவெளியில் துளையிடுங்கள். இருநூறுக்கு மேல் துளை வரும். பொறுமையாகப் போடுங்கள், குறைத்தால் களிமண் வயலில் அடைத்துக்கொள்ளும்.

மேட்டிலும் வேண்டாம், பள்ளத்திலும் வேண்டாம். சராசரி மட்டமுள்ள இடமாக, வரப்பிலிருந்து கை எட்டும் தூரத்தில் குழாயை அடித்து இறக்குங்கள். 20 செ.மீ. மண்ணுக்குள், 15 செ.மீ. வெளியே. உள்ளே இருக்கும் சேற்றை அடிவரை அள்ளிவிட வேண்டும். தண்ணீர் கட்டிச் சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். உள்ளும் வெளியும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் துளைகள் அடைத்துவிட்டன என்று பொருள். பிடுங்கிக் கழுவி மறுபடி நடுங்கள். இதைச் சரிபார்க்காமல் விட்டால் பருவம் முழுக்கத் தப்பான அளவைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

அளக்க ஒரு ஸ்கேல் போதும். குழாயின் விளிம்பிலிருந்து தண்ணீர் 10 செ.மீ. கீழே இருந்தால் வயலில் 5 செ.மீ. நிற்கிறது. 15 என்றால் தரை மட்டம். 30 என்றால் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிவிட்டது, மடையைத் திறக்கலாம். 10 வந்ததும் அடைத்துவிடுங்கள். இந்த 15 செ.மீ. எல்லைக்குள் நிற்கும்வரை பொதுவாக விளைச்சல் குறைவதில்லை.

நாள் கணக்கு

ஆடுதுறை 43 போன்ற 110 நாள் ரகத்தை 25 நாள் நாற்றாக நட்டதாக வைத்துக்கொள்வோம். நட்டவுடன் வரும் 10-15 நாள் காயவிடாதீர்கள். பயிர் வேர் பிடிக்க வேண்டும், களையும் அமுங்க வேண்டும். களை அதிகம் என்றால் இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். அதன் பிறகு நட்ட 45 நாள் வரை குழாயைப் பார்த்துப் பாய்ச்சுங்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை மண்ணும் வெயிலும் சொல்லும், காலண்டர் சொல்லாது.

பூ எடுப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து, பூத்து ஒரு வாரம் வரை 5 செ.மீ. தண்ணீர் கட்டாயம். இந்த ரகத்தில் ஏறக்குறைய நட்ட 48-ஆம் நாள் முதல் 62-ஆம் நாள் வரை. இந்தச் சமயத்தில் காய்ந்தால் பதர்தான் மிஞ்சும். மீத்தேனுக்காக இதில் கை வைக்கவே கூடாது. பிறகு மறுபடி காய்ச்சல் பாய்ச்சல்.

யூரியாவில் கவனம் வேண்டும். நனைவதும் காய்வதுமாக இருக்கும் மண்ணில் நைட்ரஜன் வீணானால் அதில் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடு வாயுவாகப் போகும். அது எடைக்கு எடை கரியமில வாயுவைவிட 273 மடங்கு சூடேற்றும். மீத்தேனில் மிச்சம் பிடித்ததை இங்கே தொலைத்துவிடலாம். ஆகவே தண்ணீர் இறங்கிய வயலில், அடுத்த பாய்ச்சலுக்குச் சற்று முன் யூரியாவைப் போட்டு, உடனே தண்ணீர் விட்டு மண்ணுக்குள் இறக்குங்கள். போட்டுவிட்டுக் காயவிடாதீர்கள். இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டையைப் பார்த்துப் போட்டால் தேவைக்கு மேல் போடுவதும் குறையும்.

எங்கே சறுக்கும்

முதல் எதிரி மேடு பள்ளம். ஒரே வயலில் மட்டம் ஒரு சாண் வித்தியாசப்பட்டால் மேட்டில் பயிர் வாடும், பள்ளத்தில் மீத்தேன் வந்துகொண்டே இருக்கும். நடவுக்கு முன் மட்டப்படுத்தும் செலவைத் தவிர்க்க நினைக்காதீர்கள். அடுத்தது நண்டு வளை. வரப்பு கசிந்தால் குழாய் காட்டும் வேகமான இறக்கம் பயிர் குடித்ததல்ல, பக்கத்து வயலுக்குப் போனது. அண்டை வெட்டி, அதாவது வரப்போரத்தைச் செதுக்கி, வளைகளை அடையுங்கள். களிமண்ணில் விரல் நுழையும் வெடிப்பு விட்டுவிட்டால் அடுத்த பாய்ச்சல் வெடிப்பு வழியே கீழே ஓடிவிடும், மிச்சம் பிடிக்கப் போய் அதிகச் செலவாகும்.

நடவுக்குச் சற்று முன் பச்சை வைக்கோலையோ தழையையோ மடக்கி உழுதால் மீத்தேன் பலமடங்கு கூடும். மக்கிய எருவில் அந்தக் கூடுதல் மிகக் குறைவு. தழை உரப் பயிரான தக்கைப்பூண்டு மண்ணுக்கு நல்லது, அதை விட்டுவிடச் சொல்லவில்லை. போட்ட வயலில் காய்ச்சலை இன்னும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும், அவ்வளவே.

உவர் மண்ணிலும், உப்புநீர் ஏறும் கடலோர வயல்களிலும் இதைச் செய்யாதீர்கள், காயும்போது உப்பு மேலே வரும். டெல்டாவில் வடகிழக்குப் பருவமழை பிடித்த சம்பாவில் வடிக்கவே இடமிருக்காது. குறுவையும் மோட்டார்ப் பாசனமும்தான் இதற்குத் தோது. வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் வரும் ஊரில், அடுத்த முறை என்று வரும் என்பது உறுதியானால் மட்டும் தரைக்குக் கீழே 15 செ.மீ. வரை இறங்க விடுங்கள். இல்லையென்றால் 10 செ.மீ.யோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

சரியாகப் போகிறதா என்று பார்க்க ஒரு தூரைப் பிடுங்கிக் கழுவிப் பாருங்கள். வேர் வெள்ளையாகவோ துருநிறமாகவோ இருந்தால் மண்ணுக்குள் காற்று போகிறது. கறுத்து, அழுகிய முட்டை வாடை அடித்தால் இன்னும் போகவில்லை.

அறுவடைக்கு 10 முதல் 15 நாள் முன்பு தண்ணீரை நிறுத்துங்கள். இயந்திரம் இறங்குமுன் மறக்காமல் குழாயைப் பிடுங்கிவிடுங்கள். துளைகளைக் கம்பியால் குத்திக் கழுவி வைத்தால் அடுத்த குறுவைக்கும் அதே குழாய் உதவும்.