பழைய கனரகத் தையல் மெஷினுக்கு மேனுவலும் ஸ்பேர் பார்ட்ஸும் தேடுவது எப்படி?

தோல், கேன்வாஸ், கார் சீட் கவர் என்று தடித்த சரக்கைத் தைக்கவென்றே செய்த பழைய சிங்கர் மெஷின்கள் இன்றும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. வார்ப்பிரும்பு உடம்பு, எண்ணெய் விட்டுப் பார்த்துக்கொண்டால் இன்னொரு தலைமுறைக்கும் ஓடும். ஒரு சின்ன பாகம் கிடைக்கவில்லை என்பதற்காக அதைப் பழைய இரும்புக்குப் போடுவதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. முறையாகத் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

உதாரணத்துக்கு சிங்கரின் 111டபிள்யூ155 மாடலை எடுத்துக்கொள்கிறேன். சரக்கை அழுத்திப் பிடிக்கும் இரண்டு ஃபுட்டும் மாறி மாறி நடக்க, ஊசியும் சரக்கோடு சேர்ந்து நகரும் மெஷின் இது.

படி 1: மாடல் எண்

புதிதாகத் தேடுபவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். மெஷின் படுக்கையில், அதாவது துணி பரவும் அடித்தட்டில், பொறித்திருப்பது சீரியல் எண். அதை வைத்து எந்தக் காலத்து மெஷின் என்று பார்க்கலாம். பார்ட்ஸ் தேட முடியாது. நமக்கு வேண்டியது மாடல் எண். அது உடம்பில் தனியாக ஒரு சின்னப் பித்தளைத் தகட்டில் இருக்கும்.

நடுவில் வரும் எழுத்து தொழிற்சாலையைக் குறிக்கும். டபிள்யூ என்றால் அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட். கே என்றால் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க். செருப்புத் தைக்கும் 29கே அங்கே செய்ததுதான். கடைசி எண்ணையும் விட்டுவிடாதீர்கள். 111டபிள்யூ என்பது குடும்பப் பெயர் மாதிரி, 155தான் ஆள். 153-க்கும் 155-க்கும் துணி நகர்த்தும் அமைப்பே வேறு.

தகடு இல்லையா? இஸ்மாக்ஸ் என்ற சர்வதேசத் தையல் மெஷின் சேகரிப்பாளர் சங்கத்தின் தளத்தில் சிங்கர் மாடல்களின் பட்டியல், விவரத்தோடு இருக்கிறது. அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

படி 2: மேனுவல் ஒன்றல்ல

இயக்கும் முறையைச் சொல்வது ஒரு புத்தகம். எல்லாப் பாகத்தையும் படம் போட்டு எண்ணோடு காட்டும் பார்ட்ஸ் லிஸ்ட் இன்னொன்று. ஊசியும், கீழே நூலைப் பிடிக்கும் ஹூக்கும் சரியான நேரத்தில் சந்திக்க டைமிங் வைப்பது போன்ற வேலைகளுக்கு அட்ஜஸ்டர்ஸ் மேனுவல் தனி. மாடல் எண்ணோடு இந்தப் பெயர்களையும் சேர்த்து ஆங்கிலத்தில் தட்டித் தேடுங்கள்.

காசு கொடுக்கும் முன் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நூலகத் தளத்தைப் பார்த்துவிடுங்கள். பழைய தையல் மெஷின் புத்தகங்கள் நிறையவற்றை ஸ்கேன் செய்து இலவசமாக வைத்திருக்கிறார்கள். ஜுக்கி மெஷின் வைத்திருப்பவர்கள் முதலில் அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் தேடுவது நல்லது.

மேனுவலை ஒரு தடவையாவது முழுசாகப் படியுங்கள். 155-இல் தையல் நீளத்துக்கு லீவரே கிடையாது; படுக்கையில் உள்ள பொத்தானை அழுத்திக்கொண்டு கைச்சக்கரத்தைச் சுற்ற வேண்டும். கைச்சக்கரம் சுற்றுகிறது, ஹூக் மட்டும் அசையவில்லை என்றால் உடனே ஏதோ உடைந்துவிட்டது என்று பயப்படாதீர்கள். நூல் சிக்கினால் ஹூக்கைக் காப்பாற்ற ஒரு சேஃப்டி கிளட்ச் தானாக விடுபடும். அதைத் திரும்ப மாட்டும் முறை மேனுவலில் இருக்கிறது. இது தெரியாமல் புது ஹூக் வாங்கினால் பணம் வீண்.

படி 3: முதலில் ஊசி

வேறு எந்தப் பாகத்தையும் வாங்கும் முன் சரியான ஊசியைப் போட்டுப் பாருங்கள். 155-க்கு துணி என்றால் 135×17, தோல் என்றால் 135×16. கடையில் 135×5 கொடுத்தால் தண்டு அதே தடிமன்தான், அழகாக உள்ளே போகும். ஆனால் ஏறத்தாழ 5 மி.மீ. குட்டை, ஹூக் நூலைப் பிடிக்காது.

படி 4: பாகத்தின் எண்

கழற்றிய பாகத்தை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் பல பாகங்களில் பொறித்த எண் நிழலோடு எழும்பி வரும். கூடவே 'சிமான்கோ' என்ற சொல்லும் இருந்தால் அது சிங்கரின் அசல் பாகம். எண்ணைக் குறித்துக்கொண்டு பார்ட்ஸ் லிஸ்ட்டில் சரிபாருங்கள். எண் அழிந்திருந்தால், படத்தில் அந்தப் பாகம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்து எண்ணை எடுக்கலாம்.

படி 5: வாங்குவது

கடையில் மெஷின் பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட, பாக எண்ணையும் பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுத்த போட்டோவையும் அனுப்புங்கள். ஆம்பூர், ராணிப்பேட்டை மாதிரி தோல் தொழில் நடக்கும் ஊர்களில் விசாரிப்பது என் முதல் யோசனை.

155-இன் ஃபுட் வகை இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. இப்படி ஃபுட் நடக்கும் வேறு பல ‘வாக்கிங் ஃபுட்’ மெஷின்களும் அதையே போட்டுக்கொள்கின்றன. கான்ஸ்யூ என்ற நிறுவனத்தின் 225 மாடல் ஏறக்குறைய இதே மெஷின் என்பதால் அந்தப் பெயரிலும் தேடுங்கள். ஹூக் மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் ஜப்பானின் ஹிரோஸே, இத்தாலியின் செர்லியானி இரண்டும் நம்பி வாங்கலாம்.

திருகாணியில் மட்டும் அவசரமே வேண்டாம். சிங்கரின் மரை தனி. ஹார்டுவேர் கடை மெட்ரிக் திருகாணி இரண்டு சுற்று இறங்கும், மூன்றாவதில் இறுகும். அங்கேயே நிறுத்திவிடுங்கள். பலம் போட்டால் வார்ப்பில் உள்ள மரை போய்விடும், அதைச் சரிசெய்வது பெரிய வேலை.

உள்ளே இருக்கும் தண்டு, கேம் போன்றவை புதிதாகக் கிடைக்காவிட்டால் ஓடாத இன்னொரு மெஷினை வாங்கிக் கழற்றலாம். அதன் தகட்டிலும் இதே மாடல் எண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் விலை பேசுங்கள்.