கவர்மெண்ட் ஹெல்த் திட்டத்த மதிப்பீடு பண்ற டெண்டருக்குப் போறீங்களா, காலண்டர எடுத்து வெச்சிக்கோங்க

டெண்டர் டாக்குமெண்ட் டவுன்லோட் ஆனதும் முக்காவாசி பேரு நேரா ஆய்வு நோக்கம்ங்கற பக்கத்துக்குப் போவாங்க, நான் போறது பேமெண்ட் ஷெடியூலுக்கு. எந்த மாசம் எந்த ரிப்போர்ட் குடுத்தா எத்தன பர்சண்ட் காசுன்னு ஒரு டேபிள் இருக்கும், அத ஒரு பேப்பர்ல எழுதி, பக்கத்துலயே டேட்டா பெர்மிஷன் எந்த மாசம் கைக்கு வரும்னும் எழுதிப் பாப்பேன். ரெண்டும் ஒத்து வரலன்னா மத்தத அப்புறம் படிச்சிக்கலாம். ஏன்னு கீழ சொல்றேன், அதுக்கு முன்னாடி சில்லற வேலைய முடிச்சிருவோம்.

மலேசியாவுல எல்லாரையும் சேத்த தேசிய ஹெல்த் இன்சூரன்ஸ்னு ஒண்ணு கெடையாது, கவர்மெண்ட் கிளினிக்ல ஒரு வெள்ளி (ரிங்கிட்) குடுத்து டாக்டரப் பாக்கறோம்ல, அது வரிப்பணத்துல ஓடுது. ஆனா இன்சூரன்ஸ் மாதிரி வேல செய்யற திட்டங்க இருக்கு. 2019ல வந்த மைசலாம் பி40 ஆளுங்களுக்கு, அதாவது வருமானத்துல கீழ இருக்கற 40 பர்சண்ட் குடும்பங்களுக்கு, கடும் நோய் வந்தா ஒரே தடவையா 8,000 வெள்ளி, கவர்மெண்ட் ஆஸ்பத்திரில படுத்தா நாளுக்கு 50 வெள்ளி, வருஷத்துக்கு 14 நாள் வரைக்கும்னு ஆரம்பிச்சது. அதே வருஷம் பெக்கா பி40, 40 வயசுக்கு மேல இலவச ஸ்கிரீனிங், கேன்சர் சிகிச்சைய பாதியில விடாம முடிச்சா 1,000 வெள்ளி, போக்குவரத்துக் காசு, மருத்துவக் கருவிக்கு 20,000 வெள்ளி வரைக்கும். 2023ல ஸ்கிம் பெருபாத்தான் மடானி, தனியார் கிளினிக்குப் போலாம், பில்லு கவர்மெண்டுக்கு. எந்தத் திட்டமா இருந்தாலும் ஒரு கட்டத்துல நிதி அமைச்சுல யாராச்சும் கேக்கத்தான் செய்வாங்க, இவ்ளோ காசு போட்டோமே என்னா ஆச்சுன்னு. அந்தக் கேள்விக்கு வெளியாள வெச்சி பதில் தேடறப்பதான் நமக்கு வேல.

பதிவு பத்தி ரொம்ப எழுதல. நிதி அமைச்சு சான்றிதழ் வேணும், இபெரோலெஹான்ங்கற கவர்மெண்ட் கொள்முதல் வெப்சைட்ல பதியணும், ஆய்வு வேலன்னா சாமான் சப்ளை கம்பெனியா இல்லாம பெருண்டிங் (கன்சல்டண்ட்) கம்பெனியா, அதுலயும் ரோடு பில்டிங் சம்பந்தமில்லாத பிரிவுல. உங்க கோட் பிடாங், அதாவது தொழில் பிரிவு கோட், டெண்டர்ல கேட்ட கோடோட ஒத்துப் போகலன்னா நீங்க எவ்ளோ பெரிய பேராசிரியரா இருந்தாலும் உள்ள விடமாட்டாங்க, அதனால பதியறப்பவே கோட நல்லா யோசிச்சி எடுங்க. இன்னொண்ணு, டெண்டர் தக்லிமாத்துக்கு (விளக்கக் கூட்டத்துக்கு) வரச் சொன்னா பெரும்பாலும் சான்றிதழ்ல பேரு இருக்கற ஆளுதான் போகணும். ஒரு தடவ எனக்குக் காய்ச்சல், ஆபிஸ்ல இருந்த தம்பிய டை கட்டி புத்ராஜெயாவுக்கு அனுப்பி வெச்சேன், கவுண்டர்ல இருந்த அக்கா லிஸ்ட்டப் பாத்துட்டு 'நாமா தாடாக், டிக்', பேரு இல்ல தம்பின்னு சிரிச்சிக்கிட்டே திருப்பி அனுப்பிட்டாங்க, அந்த டெண்டர் அங்கயே முடிஞ்சிச்சி. 2025 ஆகஸ்ட்ல அரசாங்கக் கொள்முதல் மசோதா டேவான் ரக்யாட்ல (நாடாளுமன்ற மக்களவையில) பாஸ் ஆயிருக்கு, அதனால சீனியர் யாராச்சும் சொன்ன பழைய சர்க்குலர நம்பிக்கிட்டுப் போகாதீங்க, அந்தந்த டெண்டர்ல போட்டிருக்கற விதிய வரி விடாம படிங்க.

மொத வருஷமே மெயின் கன்சல்டண்டா போடணும்னு அடம் பிடிக்காதீங்க, பொது பல்கலைக்கழகத்துல ஒரு டீம் டெண்டர் போடறப்ப அவங்களுக்குக் கீழ சர்வே மட்டும், இல்ல டேட்டா அனாலிசிஸ் மட்டும் எடுத்துச் செய்யுங்க. காசு கம்மிதான், ஆனா அடுத்த தடவ அனுபவம்னு கேக்கற பக்கத்துல எழுத ஒண்ணு கெடைக்கும்.

இப்ப டிஓஆர், அதாவது என்னென்ன வேல செய்யணும்னு சொல்ற பணி வரையறை. அதுல 'கெபெர்கெசானான்' னு ஒரு வார்த்த கட்டாயம் இருக்கும், திட்டத்தோட பலன் என்னன்னு பாக்கணுமாம். எது பலன்? யாரும் சொல்லிருக்க மாட்டாங்க. ஆளுங்க கூடுதலா கிளினிக்குப் போனதா, ரத்த அழுத்தம் கொறஞ்சதா, இல்ல கைக்காசு செலவு கொறஞ்சதா, மூணும் மூணு வேற ஆய்வு. அமெரிக்காவுல ஒரெகன் மாநிலத்துல 2008ல இடம் பத்தலன்னு மெடிக்கெய்டுக்கு, அதாவது வருமானம் கம்மியானவங்களுக்கான கவர்மெண்ட் ஹெல்த் இன்சூரன்ஸுக்கு, குலுக்கல் போட்டு ஆள எடுத்தாங்க, ஆராய்ச்சிக்காரங்களுக்கு அது லாட்டரி அடிச்ச மாதிரி, பேரு வந்தவங்களையும் வராதவங்களையும் நேரா ஒப்பிட்டுப் பாத்தாங்க. ரெண்டு வருஷத்துல ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், சுகர் அளவு இதுல சொல்லிக்கற மாதிரி வித்தியாசம் தெரியல, ஆனா டிப்ரஷன் கொறஞ்சது, மருத்துவக் கடன் தொல்ல நல்லாவே கொறஞ்சது, சிகிச்ச எடுத்துக்கறதும் கூடிச்சி. அதே முடிவ வெச்சிக்கிட்டு ஒருத்தன் திட்டம் தோல்விங்கறான், இன்னொருத்தன் இன்சூரன்ஸோட வேலையே கடன்லேர்ந்து காப்பாத்தறதுதானங்கறான். நம்ம நாட்டுல மொத்த சுகாதாரச் செலவுல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு ஜனங்க கைக்காசு, அதனால எனக்குக் கேட்டா கைக்காசுச் செலவ அளக்காத மதிப்பீடு அர மதிப்பீடுதான். குடும்பச் செலவுல 10 பர்சண்டுக்கு மேல மருத்துவத்துக்குப் போச்சா, 25க்கு மேல போச்சான்னு உலக அளவுல பல வருஷமா பாத்து வந்த அளவுகோல் இருக்கு, அதையே எடுத்துக்கலாம். கேள்வி கேக்க விடற நாள்ல எழுத்துல கேட்டுருங்க: முதன்மை அளவீடு எது? பதில் எழுத்துல வந்துட்டா கடைசியில யாரும் 'நாங்க எதிர்பாத்தது இது இல்ல' ன்னு சொல்ல முடியாது.

அடுத்து ஒப்பிட யாரு. திட்டத்துல சேந்தவங்க, சேராதவங்கன்னு ரெண்டா பிரிச்சி டேபிள் போட்டு குடுக்கறது ரொம்ப ஈசி, ரொம்ப தப்பும்கூட, ஏன்னா ஸ்கிரீனிங்குக்கு தானா வர்றவங்க ஏற்கனவே ஒடம்பப் பாத்துக்கற ஆளுங்களா இருப்பாங்க, இல்லன்னா ஏற்கனவே ஏதோ சரியில்லன்னு தோணி வந்தவங்களா இருப்பாங்க. 40 வயசுங்கற எல்லை இருக்கற திட்டம்னா 38, 39 வயசுக்காரங்களையும் 40, 41 வயசுக்காரங்களையும் ஒப்பிடலாம், ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஆளுங்கதான். கேக்க அழகா இருக்கும், ஆனா அந்த வயசுல நோய் கண்டுபிடிக்கப்படறவங்க கம்மி, அதனால சேம்பிள் பெருசா வேணும், டெண்டர்ல போட்டிருக்கற பட்ஜெட்டுக்கு அது தாங்குமான்னு கணக்கப் போட்டுட்டு எழுதுங்க. திட்டம் ஒவ்வொரு மாவட்டமா விரிஞ்சிருந்தா அதுவும் நல்ல வழி, முன்னாடி வந்த எடம், பின்னாடி வந்த எடம்னு பாக்கலாம், இதுக்கு ஏற்கனவே இருக்கற பதிவுகளே போதும், புதுசா வீடு வீடா போக வேண்டாம்.

வீடு வீடா போறதுன்னா கேள்வித்தாள். இதுல நம்மாளுங்களுக்கு ஒரு பலம் இருக்கு, அத ப்ரொபோசல்ல எழுதாம விட்டுர்றோம். மலாய்ல எழுதின கேள்விய அப்படியே தமிழாக்கி கேக்கறது வேற, செந்தூல் பக்கம் பிபிஆர் ஃப்ளாட்ல (கவர்மெண்ட் மலிவு வீட்டுல) ஒரு அம்மாகிட்ட புரியற மாதிரி கேக்கறது வேற. எங்க பைலட் (முன்னோட்ட) சர்வேல 'நீங்கள் பெக்கா பி40 உறுப்பினரா' ன்னு கேள்வி. நாந்தான் எழுதினேன், வெக்கமா இருக்கு. ஒரு அம்மா, அறுபது வயசு இருக்கும், வாசல்லயே நின்னுக்கிட்டு 'அப்டி கார்டு ஒண்ணும் எங்கிட்ட இல்லையேப்பா' ன்னாங்க. இல்லைன்னு டிக் பண்ணிட்டு அடுத்த கேள்விக்குப் போனா, கொஞ்ச நேரம் கழிச்சி அவங்களே 'கிளினிக்ல ஐசி வாங்கிப் பாத்துட்டு ப்ளட் எடுத்தாங்க, காசு வேணாம்னுட்டாங்க, ரெண்டாவது தடவ வந்து ரிசல்ட் கேட்டுட்டுப் போங்கன்னாங்க' ங்கறாங்க. அதுதாம்மா அந்தத் திட்டம்! அதுக்கு தனி கார்டே கெடையாது, மைகார்ட, அதான் ஐசின்னு சொல்ற அடையாள அட்டைய, காட்டினா போதும். அன்னிக்கு சாயந்தரமே கேள்விய மாத்தினோம்: 'போன ரெண்டு வருஷத்துல எந்த கிளினிக்லயாச்சும் ஐசி பாத்துட்டு, காசு வாங்காம ப்ளட் டெஸ்ட் எடுத்தாங்களா?' பைலட்டுக்கு ரெண்டு வாரம் எதுக்குன்னு கேக்கற கமிட்டிக்கு இந்த மாதிரி ஒரு உதாரணத்த ப்ரொபோசல்லயே போடுங்க, பத்து பக்க மெதடாலஜிய விட அது பேசும்.

வில. ஆய்வு கன்சல்டண்ட் ஃபீ பெரும்பாலும் மேன்-மந்த் கணக்கு, அதாவது ஒரு ஆளோட ஒரு மாச முழு வேல: அடிப்படைச் சம்பளம் பெருக்கல் ஆபிஸ் செலவு, லாபத்துக்கான ஒரு காரணி பெருக்கல் எத்தன மாசம். பேச்சுக்கு, ஒரு ஆளுக்குச் சம்பளம் 6,000 வெள்ளி, காரணி 2, எட்டு மாச புராஜெக்ட்ல பாதி நேரம்னா 4 மேன்-மந்த், ஆக 48,000. சம்பளத்த ஏத்திப் போட்டா சம்பளச் சீட்டு, இபிஎப் (சேமநிதி) ஸ்டேட்மெண்ட் கேட்டா மாட்டிக்குவீங்க. புதுசா வர்றவங்க செய்யற தப்பு என்னன்னா பெரிய டாக்டர் பேராசிரியர் பேர போட்டு அவருக்கு கால் மேன்-மந்த் குடுத்துட்டு, முழு வேலையும் பேரே இல்லாத ரிசர்ச் அசிஸ்டண்ட் தலையில கட்டறது, மதிப்பிடறவங்க அந்த டேபிளத்தான் மொதல்ல பாப்பாங்க. பயணம், அச்சு, சர்வேக்கு வர்றவங்களுக்குக் குடுக்கற டோக்கன் இதெல்லாம் இம்புஹான் பாலிக், அதாவது செலவழிச்சதத் திருப்பித் தர்ற கணக்கு, பக்கம் போகும், ரசீது வேணும், மாமாக் கடையில வாங்கின சாப்பாட்டுக்குக்கூட. வேல விவரத்த மட்டும் வெக்கற டெக்னிக்கல் கவர்ல வில எங்கயும் தெரியக்கூடாது, வர்க் பிளான்ல தப்பித்தவறி ஒரு வெள்ளி கணக்கு ஒட்டிக்கிட்டு வந்துருச்சின்னா அவ்ளோதான், அனுப்பறதுக்கு முன்னாடி ரிங்கிட் குறி 'ஆர்எம்' னு தேடிப் பாருங்க.

இப்ப அந்தக் காலண்டர். சுகாதார அமைச்சு ஆளுங்க, நோயாளிங்க, கட்டடம், டேட்டா இதுல எது சம்பந்தப்பட்டாலும் ஆய்வ என்எம்ஆர்ஆர்ங்கற தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டுல பதியணும், எம்ரெக்ங்கற மருத்துவ ஆய்வு நெறிமுறைக் குழு அனுமதி வேணும். அதுக்கு மேல எந்த ஆஸ்பத்திரியோ அந்த டைரக்டர் சம்மதம், கிளினிக்னா மாநில சுகாதார இலாகா. கவர்மெண்டே குடுத்த வேலதானே, கவர்மெண்ட் டேட்டா தானா வந்துரும்னு நெனச்சேன் பாருங்க, அதான் என் வாழ்க்கையிலயே அதிக வில குடுத்துப் படிச்ச பாடம். வேலையக் குடுத்த பிரிவு வேற, டேட்டா வெச்சிருக்கற பிரிவு வேற, நெறிமுறைக் குழு ரெண்டுக்கும் சம்பந்தமில்லாம தனியா ஒக்காந்திருக்கு. எங்க ஷெடியூல்ல நாலாவது மாசம் டேட்டா சேகரிப்பு முடிஞ்ச ரிப்போர்ட், 30 பர்சண்ட் காசு. ஒப்புதல் ஃபார்ம தமிழ், மலாய், மாண்டரின்ல திருத்தி அனுப்பச் சொல்லி ரெண்டு தடவ திரும்பி வந்தது, தப்பு எங்க மேலதான், கடைசியா அனுமதி வந்தது அஞ்சாவது மாசம். அந்த மாசங்கள்ல நாலு பேரு சம்பளம் என் வீட்டு லோன் அக்கவுண்ட்லேர்ந்து போச்சி, வீட்டுக்காரிகிட்ட இன்னிக்கு வரைக்கும் முழுசா சொல்லல.

அதனால ப்ரொபோசல் எழுதறப்பவே இப்படிப் போடுங்க: மொத மைல்ஸ்டோன் தொடக்க அறிக்க, ரெண்டாவது மைல்ஸ்டோன் நெறிமுறைக் குழுவுக்கு முழு டாக்குமெண்டும் சமர்ப்பிச்சதுக்கான அத்தாட்சி, அனுமதி கெடச்சதுக்கு இல்ல. சமர்ப்பிக்கறது நம்ம கையில இருக்கு, அனுமதி நம்ம கையில இல்ல. ஷெடியூல மாத்த விடமாட்டாங்கன்னா, அனுமதி வரைக்கும் டேட்டா தேவைப்படாத வேலைய முன்னாடி இழுத்துக்கோங்க, இலக்கிய ஆய்வு, திட்டம் நடத்தறவங்களோட பேச்சு, மாதிரி டேபிள்கள். அனுமதி ஒரு வருஷத்துக்குத்தான், புராஜெக்ட் இழுத்துச்சின்னா புதுப்பிக்க மறந்துராதீங்க.

டேட்டா கைக்கு வந்ததும் இன்னொரு விஷயம். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 மத்திய, மாநில அரசாங்கத்துக்குப் பொருந்தாது, நம்ம கம்பெனிக்குப் பொருந்தும். ஐசி நம்பர எடுத்துட்டு வேற நம்பர் போட்ட ஃபைலா கேளுங்க, ரெண்டையும் சேக்கற சாவி அவங்ககிட்டயே இருக்கட்டும், வாட்ஸ்அப்ல எக்செல் அனுப்பற பழக்கம் இருக்கற ஆளு டீம்ல இருந்தா மொதல்ல அவன உக்கார வெச்சி பேசுங்க. ஹம்பர், கிஃப்ட் விஷயமும் இதோட சேத்து சொல்லிர்றேன், 2020 ஜூன்லேர்ந்து ஊழல் தடுப்புச் சட்டத்துல 17ஏ பிரிவு வந்துருச்சி, ஊழியர் லஞ்சம் குடுத்தா கம்பெனியும் மாட்டும், தீபாவளி முறுக்குகூட ஆபிஸுக்கு அனுப்பாதீங்க.

கட்டுரை போடணும்னு ஆச இருந்தா ஒப்பந்தத்துலயே கேட்டு வெச்சிக்கோங்க, அமைச்சு டேட்டாவ வெச்சி எழுதினத வெளியிட சுகாதார டைரக்டர் ஜெனரல் அனுமதி வேணும், அதுக்கும் நாள் எடுக்கும்.

கடைசி காசு எப்பவும் கடைசி ரிப்போர்ட்ட கமிட்டி ஏத்துக்கிட்ட பெறகுதான். ரிப்போர்ட் நீங்க குடுத்த நாள் வேற, கமிட்டி கூடற நாள் வேற, நடுவுல ஹரி ராயாவோ பட்ஜெட் செஷனோ வந்துச்சின்னா ஒரு மாசம் சுலபமா போயிரும். அப்புறம் திடீர்னு போன் வரும், டேபிள் 14ல கிளந்தான் மாநிலத்த தனியா பிரிச்சிக் குடுக்க முடியுமா, நாளைக்கு மீட்டிங்னு. அந்த மாசத்துக்கு ஒரு ஆளோட அர மேன்-மந்த்தயாச்சும் மிச்சம் வெச்சிருங்க, அதுவும் ஸ்டேட்டா (புள்ளிவிவர சாஃப்ட்வேர்) ஃபைல் எந்த ஃபோல்டர்ல கெடக்குன்னு தெரிஞ்ச ஆளா பாத்து.