சுங்குடி வாங்கும்போது புள்ளியைப் பாருங்கள்

மதுரைச் சுங்குடிப் புடவைக்கு 2005-லேயே புவிசார் குறியீடு, அதாவது அந்த ஊருக்கே உரிய பொருள் என்ற சட்ட அங்கீகாரம், கிடைத்துவிட்டது. ஆனாலும் அந்தப் பெயரில் விற்பதில் அச்சுப் புடவைகளும் நிறைய.

கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த அசல் சுங்குடியில் புள்ளிகள் ஒன்றுபோல் இருக்காது. ஓரம் லேசாகக் கலங்கியிருக்கும். புதிதாக இருந்தால் முடிச்சு இருந்த இடம் சின்னச் சுருக்கமாகத் துருத்தி நிற்கும், தடவினாலே தெரியும். அச்சில் எல்லாம் அளவெடுத்தாற்போல் இருக்கும். பல அச்சுப் புடவைகளில் பின்பக்கம் நிறம் வெளிறியிருக்கும். அச்சுப் புடவை வாங்குவது தப்பில்லை, அதற்குக் கைவேலை விலை கொடுப்பதுதான் தண்டம்.

அப்புறம், போனில் வரும் 'சுங்குடி 80 சதவீதத் தள்ளுபடி' விளம்பரங்கள். கடை முகவரி, ஜிஎஸ்டி எண் இல்லையென்றால் பணம் அனுப்பாதீர்கள். அனுப்பி ஏமாந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். கடையில் பொருள் பற்றிய தகராறு என்றால் நுகர்வோர் உதவி எண் 1915.