பிப் இன்ஸ்டால் பிழை காட்டினால் முதலில் எதைப் பார்ப்பது?

பைத்தான் படிக்கத் தொடங்கியவர்கள் முதல் வாரத்திலேயே திணறும் இடம், நிரல் எழுதுவதைவிட அதற்கு வேண்டிய பேக்கேஜை, அதாவது பிறர் எழுதி வைத்த நிரல் தொகுப்பை, பிப் என்ற கருவியால் நிறுவுவதுதான். ஒரு வரி கட்டளை கொடுத்தால் திரை முழுக்கச் சிவப்பு எழுத்து கொட்டுகிறது. பதற்றத்தில் எங்கோ கண்ணில் பட்ட கட்டளையை எடுத்து ஒட்டுகிறோம். அது வேலை செய்யாவிட்டால் இன்னொன்று. நாலாவது கட்டளைக்குள், முதலில் இருந்த சிக்கலோடு புதிதாக இரண்டு சேர்ந்துவிடும்.

எந்தப் பைத்தான், எந்தக் கணினி, பேக்கேஜின் எந்தப் பதிப்பு என்ற மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாததால் வருபவைதான் பெரும்பாலான நிறுவல் பிழைகள். எது ஒத்துப்போகவில்லை என்று பிழைச்செய்தியே சொல்லிவிடும், எங்கே பார்ப்பது என்று தெரிந்தால்.

கீழே கட்டளைகளையும் பிழைச்செய்திகளையும் உச்சரிப்பின்படி தமிழில் தந்திருக்கிறோம். டெர்மினலில், அதாவது கட்டளை அடிக்கும் சாளரத்தில், கட்டளைகளை ஆங்கில எழுத்தில் அடியுங்கள். கோடு, புள்ளி, சமக்குறி எல்லாம் இங்கே இருப்பது போலவே வர வேண்டும்.

முதல் படி: எந்தப் பைத்தானோடு பேசுகிறீர்கள்?

ஒரே கணினியில் இரண்டு மூன்று பைத்தான்கள் இருப்பது சகஜம். இயங்குதளத்தோடு வந்தது ஒன்று, நீங்கள் இறக்கியது ஒன்று, வேறொரு மென்பொருள் தனக்கென்று வைத்துக்கொண்டது ஒன்று. பிப் ஒன்றில் நிறுவும், உங்கள் நிரல் இன்னொன்றில் ஓடும். "நிறுவியாயிற்று, ஆனாலும் மாட்யூல் (நிரலில் இம்போர்ட் செய்து பயன்படுத்தும் பகுதி) இல்லை என்கிறதே" என்ற புலம்பலுக்கு மிக அடிக்கடி காரணம் இதுதான். இந்த இரண்டையும் அடியுங்கள்:

பைத்தான் --வெர்ஷன்
பைத்தான் -எம் பிப் --வெர்ஷன்

லினக்ஸிலும் மேக்கிலும் பைத்தான் என்பதற்குப் பதில் பைத்தான்3 என்று அடிக்க வேண்டியிருக்கலாம். இரண்டாவது கட்டளை பிப்பின் பதிப்பைச் சொல்லி, அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது, எந்தப் பைத்தானுக்கு உரியது என்பதையும் அதே வரியில் காட்டும். அந்த ஃபோல்டர்ப் பாதையைப் படிக்காமல் கடக்காதீர்கள். விண்டோஸில் பி, ஒய் என்ற இரண்டே எழுத்துள்ள லாஞ்சருக்குப் பின்னால் ஓர் இடைவெளி விட்டு -0 என்று கொடுத்தால், நிறுவியிருக்கும் பைத்தான்களின் பட்டியல் வரும்.

இனி வெறும் "பிப் இன்ஸ்டால்" என்று அடிக்கும் பழக்கத்தை விடுங்கள். எப்போதும் "பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால்" என்றே அடியுங்கள். நிரலை ஓட்டும் அதே பைத்தானில்தான் பேக்கேஜ் போய்ச் சேரும் என்பதற்கு இதுவே உத்தரவாதம். ஜூப்பிட்டர் நோட்புக்கில் இருப்பவர்கள் செல்லுக்குள்ளேயே, முன்னால் சதவீதக் குறி போட்டு, %பிப் இன்ஸ்டால் என்று கொடுக்க வேண்டும். வெளியே டெர்மினலில் நிறுவியது நோட்புக்குக்குத் தெரியாமல் போகலாம்.

இரண்டாவது படி: தனிச்சூழல் ஒன்று போடுங்கள்

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வர்ச்சுவல் என்விரான்மென்ட், அதாவது தனியாக ஒரு பைத்தான் சூழல். புதியவர்கள் இதை மேல்வகுப்பு விஷயம் என்று ஒதுக்குகிறார்கள். முதல் நாளே செய்ய வேண்டியது இது. வேலை இருக்கும் ஃபோல்டருக்குள் போய்,

பைத்தான் -எம் வெனவ் .வெனவ்

என்று அடியுங்கள். வெனவ் என்பது வி, இ, என், வி என்ற நான்கு எழுத்து. புள்ளியோடு இருப்பது நாம் வைத்த ஃபோல்டர் பெயர். பிறகு அதை இயக்க வேண்டும். விண்டோஸின் கமாண்ட் ப்ராம்ப்டில்:

.வெனவ்\ஸ்கிரிப்ட்ஸ்\ஆக்டிவேட்

லினக்ஸ், மேக்கில்:

சோர்ஸ் .வெனவ்/பின்/ஆக்டிவேட்

வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சூழலின் பெயர் வந்துவிட்டால் உள்ளே இருக்கிறீர்கள். பவர்ஷெல்லில் ஸ்கிரிப்ட் ஓட்ட அனுமதி இல்லை என்று செய்தி வந்தால், கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து அங்கே செய்வதே எளிய வழி.

லினக்ஸ் வகைகளான டெபியன் 12, உபுண்டு 23.04 முதல், தனிச்சூழல் இல்லாமல் பிப்பில் நிறுவப் போனால் "எக்ஸ்டர்னலி மேனேஜ்ட் என்விரான்மென்ட்" என்று மறித்துவிடும். இது கோளாறு இல்லை, வேண்டுமென்றே வைத்த பூட்டு. அந்தப் பைத்தானை இயங்குதளத்தின் கருவிகளும் பயன்படுத்துகின்றன. நீங்கள் ஒரு பேக்கேஜின் பதிப்பை மாற்றினால் அவை உடையலாம். பூட்டை உடைக்கும் "--பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்" என்ற தேர்வையும் அந்தச் செய்தியே குறிப்பிடும். தொடாதீர்கள். சுடோ போட்டு, அதாவது நிர்வாகி அதிகாரத்தோடு, பிப்பை ஓட்டுவதும் வேண்டாம். தனிச்சூழலுக்குள் போனால் இந்தப் பிழை வரவே வராது.

இன்னொன்று. தனிச்சூழல் ஃபோல்டரை வேறு இடத்துக்கு நகர்த்தினாலோ பெயர் மாற்றினாலோ அது வேலை செய்யாது. பழைய முழுப்பாதை அதன் உள்ளே எழுதப்பட்டிருக்கும். அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவது ஒரு நிமிட வேலை. அதைப் பழுதுபார்க்க உட்காராதீர்கள்.

மூன்றாவது படி: பிழைச்செய்தியைச் சரியான இடத்தில் படியுங்கள்

கடைசி வரியை மட்டும் படித்தால் ஏமாறுவோம். "சப்ப்ராசஸ்-எக்ஸிட்டட்-வித்-எர்ரர்" என்று முடியும் செய்தியில் காரணம் அங்கே இருக்காது. உள்ளே ஓடிய வேறொரு வேலை தோற்றது என்பதற்கு மேல் அந்த வரி எதுவும் சொல்வதில்லை. மேலே ஏறி, எர்ரர் என்ற சொல்லோடு தொடங்கும் வரியைத் தேடுங்கள்.

"நோ மேட்சிங் டிஸ்ட்ரிபியூஷன் ஃபவுண்ட்" என்று வந்தால், அதற்கு முந்தைய வரியில் அடைப்புக்குறிக்குள் "ஃப்ரம் வெர்ஷன்ஸ்" என்று தொடங்கும் பகுதி இருக்கும். அங்கே பதிப்பு எண்கள் வரிசையாக இருந்தால் பேக்கேஜ் கிடைத்துவிட்டது, நீங்கள் கேட்ட எண்தான் இல்லை. பட்டியலில் இருந்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். "நன்" என்று மட்டும் இருந்தால் எதுவுமே கிடைக்கவில்லை. பெயர் தவறு, இணைய இணைப்பு இல்லை, அல்லது உங்கள் பைத்தானுக்கும் கணினிக்கும் பொருந்தும் கோப்பு ஒன்றுகூட இல்லை.

பெயர் தவறுவது நினைப்பதைவிட அதிகம். நிரலில் இம்போர்ட் செய்யும் பெயரும் நிறுவும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. சிவி2 என்று இம்போர்ட் செய்வதை ஓப்பன்சிவி-பைத்தான் என்ற பெயரில் நிறுவ வேண்டும். எஸ்கேலேர்னுக்கு சைகிட்-லேர்ன், பிஐஎல் என்பதற்குப் பில்லோ, யாமலுக்குப் பையாமல், பிஎஸ்4 என்பதற்கு பியூட்டிஃபுல்சூப்4. பெயரை ஊகித்து நிறுவுவது ஆபத்தும்கூட. ஒத்த பெயரில் தீய நிரலைப் பதிவேற்றி வைப்பவர்கள் உண்டு. பேக்கேஜின் ஆவணத்தில் இருக்கும் பெயரையே அடியுங்கள்.

புதிய பிப், "இந்தப் பதிப்புகளுக்கு வேறு பைத்தான் வேண்டும், அதனால் விட்டுவிட்டேன்" என்றும் தனி வரியில் சொல்லும். எடுத்துக்காட்டாக, எண் கணக்குக்கான நம்பை என்ற பேக்கேஜில் 1.21.2 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ரிக்வயர்ஸ்-பைத்தான் >=3.7,<3.11 என்று இருக்கும். பைத்தான் 3.7 முதல் 3.10 வரைதான் அது ஏற்கும் என்று பொருள். 3.11 வைத்துக்கொண்டு அதைக் கேட்டால் கிடைக்காது.

இதன் மறுபக்கம் பிழையே காட்டாது என்பதால் இன்னும் குழப்பும். பதிப்பு எண் சொல்லாமல் நிறுவினால், உங்கள் பைத்தானுக்குப் பொருந்தும் கடைசிப் பதிப்பைப் பிப் சத்தமில்லாமல் போட்டுவிடும். பைத்தான் 3.8 இருந்தால் நம்பை 1.24.4 வந்து அமரும். படிக்கும் பாடமோ நம்பை 2-ஐ வைத்து எழுதியதாக இருக்கும். நிறுவல் வெற்றி, நிரல் மட்டும் ஓடாது.

வீல் கிடைக்காதபோது

முன்கூட்டியே கம்பைல் செய்து, அதாவது கணினி நேரடியாக இயக்கும் வடிவுக்கு மாற்றி, வைத்த பேக்கேஜ் கோப்புக்கு வீல் என்று பெயர். பிப் கோப்பு இறக்கும்போது அதன் பெயரை உற்றுப் பாருங்கள்:

நம்பை-1.26.4-சிபி311-சிபி311-வின்_ஏஎம்டி64

இந்த ஒரு பெயருக்குள் எல்லாம் இருக்கிறது. பேக்கேஜ் நம்பை, பதிப்பு 1.26.4. சிபி311 என்றால் சிபைத்தான், அதாவது நாம் வழக்கமாக இறக்கும் பைத்தான், 3.11-க்கு மட்டும். கடைசித் துண்டு 64 பிட் விண்டோஸ். லினக்ஸ் கோப்பில் அந்த இடத்தில் மெனிலினக்ஸ்_2_17 போன்ற சொல் இருக்கும். லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி 2.17 அல்லது அதற்கு மேல் வேண்டும் என்று அர்த்தம். ஆல்பைன் லினக்ஸில் ஜிலிப்சி கிடையாது, மசல் என்ற வேறு நூலகம். அதனால் அங்கே மசல்லினக்ஸ் என்று குறித்த வீல்தான் பொருந்தும்.

பொருந்தும் வீல் இல்லையென்றால் பிப் மூலநிரலை இறக்கி உங்கள் கணினியிலேயே கம்பைல் செய்யப் பார்க்கும். கம்பைலர் இல்லாத கணினியில் இது தோற்கும். விண்டோஸில் "மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++ 14.0 ஆர் கிரேட்டர் இஸ் ரிக்வயர்ட்" என்று வரும். லினக்ஸில் ஜிசிசி என்ற கம்பைலர் இல்லை என்றோ பைத்தான்.ஹெச் கோப்பு இல்லை என்றோ வரும். டெபியன், உபுண்டுவில் அந்தக் கோப்பு பைத்தான்3-டெவ் என்ற பேக்கேஜில் இருக்கிறது.

கம்பைலர் நிறுவுவது ஒரு வழிதான். ஆனால் புதியவர்களுக்கு நாங்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை. பல ஜிபி இறக்கிய பிறகும் அடுத்த பிழை காத்திருக்கும். வீல் இருக்கும் பைத்தானுக்கு மாறுவது எளிது. 2020 முதல் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் புதிய பைத்தான் வருகிறது: 2022-இல் 3.11, 2023-இல் 3.12, 2024-இல் 3.13. வெளிவந்த அன்றே எல்லாப் பேக்கேஜும் அதற்கு வீல் தயாரித்திருக்காது. கற்றுக்கொள்ளும் காலத்தில், வந்ததிலேயே புதியதைவிட ஒரு படி முந்தையதை வைத்துக்கொள்வது நிம்மதி. நிறுவும்போது "--ஒன்லி-பைனரி :ஆல்:" என்று சேர்த்தால், வீல் இல்லாத நிலையில் கம்பைல் செய்யப் போகாமல் உடனே நின்றுவிடும்.

32 பிட் பைத்தானும் இதே சிக்கலைத் தரும். பைத்தானைத் திறந்ததும் வரும் முதல் வரிகளில் 64 பிட், 32 பிட் என்று இருக்கும். விண்டோஸில் வரிக் கடைசியில் வின்32 என்று பார்த்து மிரள வேண்டாம். 64 பிட் பைத்தானிலும் அப்படித்தான் வரும். அதற்கு முன்னால் இருக்கும் பிட் எண்ணைப் பாருங்கள்.

"நோ மாட்யூல் நேம்ட் டிஸ்ட்யூட்டில்ஸ்" என்பது பைத்தான் 3.12-க்குப் போனவர்களைப் பிடிக்கும் பிழை. பேக்கேஜ்களைக் கட்டமைக்கப் பயன்பட்ட அந்த மாட்யூல் 3.12-இல் நீக்கப்பட்டுவிட்டது. அதே வேலைக்கான செட்டப்டூல்ஸ் என்ற பேக்கேஜும் புதுச் சூழலில் தானாக வருவதில்லை. செட்டப்டூல்ஸை நிறுவினால் பல நேரம் ஓடிவிடும், ஆனால் அது ஒட்டுப்போடும் வேலை. கேட்கும் பேக்கேஜின் புதிய பதிப்புக்குப் போவதே சரி.

பதிப்புகள் மோதும்போது

ஒரு பேக்கேஜ் நம்பை 2-க்குக் கீழே வேண்டும் என்கிறது, இன்னொன்று 2 அல்லது மேலே வேண்டும் என்கிறது. இரண்டையும் சேர்த்துக் கேட்டால் பிப் "ரெசல்யூஷன் இம்பாசிபிள்" என்று கைவிரித்து, யார் என்ன கேட்டார்கள் என்பதை அந்த வரிக்கு மேலே பட்டியலிடும். அந்தப் பட்டியலில் நீங்களே எழுதிய கறாரான எண் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். பெரும்பாலும் அதைத் தளர்த்தினாலே போதும்.

2020 நவம்பரில் வந்த பிப் 20.3 முதல்தான் இப்படி மோதலைக் கண்டு நிறுத்தும் முறை இயல்பாக இயங்குகிறது. ஆனாலும் பேக்கேஜ்களை ஒவ்வொன்றாகத் தனித்தனிக் கட்டளையில் நிறுவினால், பின்னால் வந்தது முன்னால் இருந்ததன் தேவையை உடைத்துவிடலாம். சிவப்பில் ஓர் எச்சரிக்கை வரும், நிறுவலோ முடிந்திருக்கும். ஆகவே எல்லாப் பெயரையும் ஒரே கட்டளையில் கொடுங்கள். பிறகு "பைத்தான் -எம் பிப் செக்" அடித்தால், ஒத்துப்போகாதவை இருந்தால் சொல்லும்.

எண்களோடு குறி போடும்போது மேற்கோள் அவசியம்:

பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் "நம்பை>=1.26,<2"

மேற்கோள் இல்லாமல் நம்பை>=1.26 என்று மட்டும் அடித்தால் > குறியை ஷெல், அதாவது நீங்கள் அடிக்கும் கட்டளையை வாங்கி இயக்கும் நிரல், தனக்கான உத்தரவாக எடுத்துக்கொண்டு, வெளியீட்டை ஒரு கோப்பில் எழுதிவிடும். ஃபோல்டரில் =1.26 என்று விநோதப் பெயரில் கோப்பு முளைத்திருந்தால் காரணம் இதுதான். நீங்கள் கேட்ட வரம்பு பிப்பை எட்டவே இல்லை. ~=1.4.2 என்று எழுதினால் 1.4.2 முதல் 1.4 வரிசைக்குள் எதுவும் சரி, 1.5 கூடாது என்று பொருள்.

நிறுவிய பிறகு இம்போர்ட்டில் உடைந்தால்

"நம்பை.டிடைப் சைஸ் சேஞ்ச்ட்… எக்ஸ்பெக்டட் 96 ஃப்ரம் சி ஹெடர், காட் 88 ஃப்ரம் பைஆப்ஜெக்ட்." நம்பை 2.0 2024 ஜூனில் வந்தபோது எங்கும் தென்பட்ட செய்தி இது. நம்பை 1-ஐ வைத்துக் கம்பைல் செய்த பேக்கேஜ், ஒரு தரவமைப்பு 96 பைட் இருக்கும் என்று எதிர்பார்க்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் நம்பை 2-இல் அது 88 பைட். நினைவகத்தில் இடம் தவறிப் படிப்பதைவிட நின்றுவிடுவதே மேல் என்று நின்றுவிடுகிறது. தீர்வு இரண்டு. புகார் சொல்லும் பேக்கேஜை உயர்த்துங்கள். அது பாண்டாஸ் என்ற தரவுப் பேக்கேஜ் என்றால் 2.2.2 அல்லது மேலே. அது முடியாவிட்டால் "நம்பை<2" என்று இறக்குங்கள். நம்பையை மட்டும் அழித்து அழித்து மறுபடி நிறுவினால் அதே 88 தான் வரும்.

உங்கள் நிரல் கோப்புக்கே நம்பை என்றோ ரேண்டம் என்றோ பெயர் வைத்திருந்தால், பைத்தான் உண்மையான மாட்யூலை விட்டு அதைத்தான் எடுக்கும். பெயரை மாற்றுங்கள்.

நிறுவும்போது இணையதளத்தின் பாதுகாப்புச் சான்றிதழை ஏற்க முடியவில்லை என்ற பிழை வந்தால் முதலில் கணினியின் தேதியும் நேரமும் சரியா என்று பாருங்கள்.

எல்லாம் ஓடிய அன்றே, தள்ளிப்போடாமல், பட்டியலைச் சேமியுங்கள்:

பைத்தான் -எம் பிப் ஃப்ரீஸ் > ரிக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி

வேறு கணினியில் புதுச் சூழல் போட்டு "பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் -ஆர் ரிக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி" என்றால் அதே பதிப்புகள் வரும். ஆனால் இந்தக் கோப்பில் பைத்தானின் பதிப்பு பதிவாகாது. அதைத் திறந்து முதல் வரியில் # போட்டு, பைத்தான் 3.11 என்றோ நீங்கள் வைத்திருக்கும் எண் எதுவோ அதையோ கையால் எழுதி வையுங்கள்.